இறால் கொட்டகை அமைதியான நாள்

அக்கா,

இன்று காலை பொன்னேரி சந்தையில் இறால் வாங்க நின்றேன். விற்றவள் கூடையிலிருந்து ஒன்றை எடுத்து முகர்ந்து, "இது வாணாம் சார்" என்று வீசினாள். முகர்ந்த விதத்திலேயே ஆளை அடையாளம் கண்டுவிட்டேன். பழவேற்காட்டுக் கொட்டகையில் நம்மோடு இருந்தவள். "அக்கா போன மாசம் செத்துப் பூட்டாங்க சார், தெரியாதா?" என்றாள். எதுவும் வாங்காமல் திரும்பிவிட்டேன்.

அந்தக் காலத்தில் உங்களை "இந்தாம்மா" என்றுதான் கூப்பிட்டேன். நான் விலங்கியல் பட்டம் வாங்கிய மேற்பார்வையாளன். நீங்கள் இறால் உரிக்கும் பெண்களுக்கு மூத்தவர்.

கெட்ட இறால் அகப்பட்டால் அதைத் தூக்கிப் பிடித்துக் கத்துவது உங்கள் வழக்கம். உடனே எல்லோரும் தத்தம் கூடையை முகர்வார்கள்.

"இன்னாடி, உன் கூடையா நாறுது?"

"கூடை இல்லடி, பக்கத்துல நீ குந்திக்கினு கீற, அதான்!"

சிரிப்பு அடங்க நேரமாகும். ஆனால் கெட்டது ஒன்றுகூட ஐஸ் பெட்டிக்குள் போகாது.

எனக்கு அது வெறும் கூச்சலாகப் பட்டது. வாசலில் ஒரு கரும்பலகை மாட்டி, யார் கூடையில் கெட்டது கிடைத்ததோ அவள் பெயரை எழுதினேன். எல்லார் முன்னாலும் நீங்கள் கேட்டீர்கள்: "பேர எழுதி மாட்டினா எவ சார் வாயத் தொறப்பா?" பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

ஒரே வாரத்தில் கொட்டகை அமைதியானது. ஒழுங்கு வந்துவிட்டதென்று பெருமைப்பட்டேன். பிறகு மெட்ராஸுக்குப் போன சரக்கு முழுவதும் நாறித் திரும்பி வந்தது. "எவ பண்ண வேலைய்யா இது?" என்றார் முதலாளி. உங்கள் பெயரைச் சொன்னேன். அந்தக் கூலியில்தான் உங்கள் வீட்டில் அடுப்பெரிகிறது என்று தெரிந்தே சொன்னேன்.

வேலை போன அன்று நீங்கள் சண்டை போடவில்லை. ஐஸ் பெட்டிக்குள் கைவிட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தீர்கள்.

"அடி ஓட்டை அடைச்சிக்கினு கீது சார். ஐஸ் தண்ணி வடியாம இறா ஊறிக் கெடக்குது. பாத்தவளுங்க பலகைக்குப் பயந்துகினு சொல்லல. கம்பி வுட்டுக் குத்துங்க, இல்லாங்காட்டி அடுத்த லோடும் பூடும்."

நீங்கள் போன பிறகு, யாரும் இல்லாத நேரம் பார்த்து நானே அடைப்பை எடுத்தேன். அதன்பின் சரக்கு கெடவில்லை. "பாத்தியா, அவ தொலைஞ்சதும் எல்லாம் சரியாப் போச்சி" என்று முதலாளி என் தோளைத் தட்டினார். "ஆமாம் சார்" என்றேன்.

இப்போது ஓர் அலுவலகத்தில் எனக்குக் கீழே பதினொரு பேர். நான் நுழைந்ததும் பேச்சு நின்றுவிடும். எந்தத் தவறும் முற்றிய பிறகுதான் என் மேசைக்கு வருகிறது. அவர்களைக் கோழைகள் என்று வீட்டில் வந்து திட்டுவேன். அவர்களை அப்படி ஆக்கியவன் யார் என்று எனக்குத் தெரியும்.

நிரந்தர வேலை தருவதாக ஏமாற்றிய அந்த முதலாளி, என்னை மிதித்து மேலே போனவர்கள் என்று எனக்குத் தீங்கு செய்தவர்களைப் பற்றிக் கேட்பவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். உங்களைப் பற்றி மட்டும் என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னால் அந்த "ஆமாம் சார்" வரைக்கும் சொல்ல வேண்டியிருக்கும்.