டெஸ்ஸுக்காக வெக்காவை நிறுவிய ஜூன் மாதம்

ஜூன் 4, 2019, செவ்வாய்

பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டுப் பேருந்தை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தால், என் கணவன் டெஸ்ஸின் கணினி செத்துக் கிடக்கிறது. நான் வெளியே போகும் நேரங்களில் அவனைப் பார்த்துக்கொள்ளும் லோசா வாசலிலேயே கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். “எட்டு மணிக்கே அணைஞ்சு போச்சு நோலீன். நான் ஒண்ணும் தொடலை, சத்தியமா.”

பதினோரு வருடம் உழைத்த கணினி. அதைக் குறை சொல்ல முடியாது.

நரம்பு நோயில் கையும் நாக்கும் போன பிறகு டெஸ்ஸுக்கு மிஞ்சியது வலது கால் பெருவிரல் ஒன்றுதான். அதன் அடியில் ஒரு பொத்தான். திரையில் சொற்கள் ஒவ்வொன்றாக மின்னிப் போகும்; வேண்டியது வந்ததும் அழுத்துவான்; கணினி அதைச் சொல்லும். அவனுடைய சொந்தக் குரலில். பேச்சு குழற ஆரம்பித்த மாதமே ஆயிரத்து நானூறு சொற்களைப் பேசிப் பதிந்துவைத்தான். அந்த நிரலையும் அவனே எழுதினான்.

இனிமேல் எழுத்து அட்டைதான். நான் வரிசை வரிசையாகப் படிக்க வேண்டும், அவன் கண் சிமிட்ட வேண்டும். மூன்று சொல்லுக்குப் பத்து நிமிடம். லோசாவுக்கு அது கைவரவில்லை, வரிசை தப்பிவிடுகிறது. ஆக, அவன் யாரிடம் எது சொன்னாலும் என் வாய் வழியாகத்தான்.

ஜூன் 6, வியாழன்

புதுக் கணினி வந்துவிட்டது. கடைக்காரர் பழையதிலிருந்து குரல் கோப்புகளையெல்லாம் மீட்டுக் கொடுத்தார். ஆனால் நிரல் ஓடவில்லை.

டெஸ் அதை எழுதியது வெக்கா என்ற கணினி மொழியில். காட்டில் கூடாரம் போட்டால் வந்து ரொட்டியைத் திருடிக்கொண்டு ஓடுமே, பறக்கத் தெரியாத அந்தப் பறவையின் பெயர். நாலைந்து பேர் ஓய்வு நேரத்தில் உருவாக்கிய மொழியாம். அதைக் கணினியில் ஏற்றும் பழைய நிறுவியைப் புது இயங்குதளம் உள்ளேயே விட மறுக்கிறது. புது நிறுவி யாரும் செய்யவில்லை. மொழியை எழுதிய மூல நிரல் மட்டும் கிடைக்கிறது.

அட்டையில் அவன்: “அதுலேர்ந்து கட்டலாம்.”

“யாரு கட்டறது?”

என்னையே பார்த்தான்.

ஜூன் 7, வெள்ளி

உபகரண அலுவலகத்திலிருந்து ஒருவர் பேசும் கருவி ஒன்றை இரவலாகக் கொண்டுவந்தார். நல்ல மனிதர். பெருவிரலுக்கு ஏற்றபடி அவரே பொருத்தினார். பேச்சு வந்தது — ஏதோ அமெரிக்கன், பல் மருத்துவ விளம்பரத்தில் வருகிறவன் மாதிரி. டெஸ் அதில் சொன்னது ஒன்றே ஒன்று. “எடுத்துட்டுப் போங்க.”

அவர் போன பிறகு கத்தினேன். “கொஞ்ச நாள் பொறுத்துக்கிட்டா என்ன குறைஞ்சு போயிடுவ? நான் பஸ் ஓட்டறவ, டெஸ். எனக்கு என்ன தெரியும்?”

கண்ணை மூடிக்கொண்டான். கண்ணை மூடிட்டா சண்டை முடிஞ்சதாம். என்ன நியாயம் இது.

ஜூன் 10, திங்கள்

கம்பைலர் என்ற ஒன்றை முதலில் ஏற்ற வேண்டுமாம். நாம் எழுதியதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றுவது அதுதான். ஏற்றினேன். கறுப்புச் சன்னல் ஒன்று திறந்தது. டெஸ் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னதைத் தட்டினேன். வரிகள் மழை மாதிரி ஓடி, நின்றன. நாற்பத்தோரு பிழை.

எல்லாவற்றையும் உரக்கப் படிக்கத் தொடங்கினேன். ஏழாவதில் நிறுத்தச் சொல்லிச் சிமிட்டினான். அட்டை. “முதல் பிழை மட்டும் படி. மத்ததெல்லாம் அதோட குட்டிங்க.”

சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும், கண்ணில்.

ஜூன் 11, செவ்வாய்

இன்றும் கட்டி முடியவில்லை. சீஸ் ரோலைக் கருக்கிவிட்டேன்.

ஜூன் 14, வெள்ளி

சன்னல்களையும் பொத்தான்களையும் திரையில் வரைகிற நிரல்தொகுப்பு ஒன்று, நூலகம் என்பார்களாம், குறைகிறதாம். எங்கே தேடுவது? முன்பு வெக்காவுக்கு நிறுவி செய்துகொண்டிருந்த கார்விக் என்பவருக்கு மின்னஞ்சல் எழுதச் சொன்னான். அந்த முகவரிக்கு அவர் இன்னும் வருவாரா என்றுகூடத் தெரியாது. எழுதினேன். யார் நான், எதற்கு வேண்டும், எல்லாம்.

இரவில் மூன்று முறை எழுந்து அவனைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டியிருக்கிறது. மூன்றாவது முறைக்குப் பிறகு தூக்கம் திரும்பி வருவதில்லை.

ஜூன் 18, செவ்வாய்

கார்விக் டாஸ்மேனியாவிலிருந்து பதில் போட்டிருக்கிறார். “ஆறு வருஷம் முன்னாடி விட்டுட்டேன்மா. பகல் முழுக்க வேலை, சாயங்காலம் இது. ஒருநாள் எழுந்திருக்கவே முடியலை. உங்களுக்குத் தேவையான நூலகத்தை இணைச்சிருக்கேன், என் குறிப்பையும். என்னால முடிஞ்சது இவ்வளவுதான், மன்னிச்சிடுங்க.” இதில் மன்னிக்க என்ன இருக்கிறது.

இன்னொன்று, எழுதிவிடுகிறேன். இன்று மாலை சிவப்பு விளக்கில் நின்றிருந்தபோது கண் சொருகிவிட்டது. முன் இருக்கைப் பெண், “மிஸ், பச்சை விழுந்துடுச்சு” என்றாள். பின்னால் இருபத்தாறு பிள்ளைகள். நின்றுகொண்டிருந்த வண்டிதான். ஓடிக்கொண்டிருந்திருந்தால்?

யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 20, வியாழன்

கார்விக்கின் நூலகத்தோடு மறுபடி கட்டினோம். பாதியில் நின்றது. கோப்பு இல்லை என்கிறது. இருக்கிறது, என் கண்முன் இருக்கிறது!

டெஸ்: “போல்டர் பேர் என்ன?”

“டெஸ் நோலீன்.”

“நடுவுல இடம் விட்டிருக்கியா?”

விட்டிருந்தேன். இரண்டு சொல்லுக்கு நடுவே எல்லாரும் விடுவதுதானே. அந்த வெற்றிடத்தில் பெயர் முடிந்துவிட்டதாகக் கணினி நினைத்து, ‘டெஸ்’ என்ற போல்டரைத் தேடிக்கொண்டிருந்ததாம். ஒரு வெற்றிடத்துக்கு ஒரு நாள் முழுக்கப் போச்சு.

அடுத்த கட்டளையை அவன் சொல்லிக்கொண்டிருந்தபோது மூன்றாம் வரிசையைப் படித்தது நினைவிருக்கிறது. விழித்தபோது அட்டை தரையில் கிடந்தது, கன்னம் கட்டில் கம்பியில். எவ்வளவு நேரம் தூங்கினேனோ. டெஸ் பார்த்துக்கொண்டே இருந்தான். எழுப்ப அவனிடம் என்ன இருக்கிறது.

ஜூன் 22, சனி

கட்டி முடித்தோம். பிழை இல்லாமல்!

சோதித்துப் பார்க்கச் சொன்னான். தொள்ளாயிரத்துச் சொச்சம் சோதனைகளில் மூன்று தோற்றன. மூன்றுமே நாள் கணக்கு பற்றியவை. “விடு” என்றான். “எனக்கெதுக்கு நாள் கணக்கு.”



ஜூன் 23, ஞாயிறு

நிறுவினேன். ஆனாலும் ‘வெக்கா’ என்று தட்டினால் அப்படி ஒன்றே தெரியாது என்றது கணினி. அது எங்கே இருக்கிறது என்று இயங்குதளத்துக்குத் தனியாக வழி சொல்லிவைக்க வேண்டுமாம். வழியை எழுதிவைத்து, மூடித் திறந்து, அவனுடைய நிரலை இயக்கினேன். திரையில் சொற்கள் ஓட ஆரம்பித்தன. பொத்தானை விரலடியில் வைத்தேன்.

“நோலீன்!”

என் பெயரைப் பதிந்த அன்று அவன் கொட்டகையில் இருந்தான் போல. ஏதோ கைக்கு எட்டவில்லை என்று கூப்பிடுகிற சத்தம். நான் கழிவறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன்.

ஜூன் 25, செவ்வாய்

மாலைப் பேருந்து முடிந்து பின்கதவு வழியாக வந்தேன். உள்ளே டெஸ் பேசிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு நாளில் பதிந்தது. ஒன்று சளி பிடித்த குரல், ஒன்று சந்தோஷக் குரல். நடையிலேயே நின்றுவிட்டேன்.

“வெள்ளிக்கிழமை. என்னை. பராமரிப்பு. இல்லத்துல. சேர்த்துடு. மூணு நாள்.”

லோசா சொன்னாள்: “நோலீன் ஒத்துக்க மாட்டாங்க டெஸ். நானே மூணு தடவை சொல்லிப் பார்த்துட்டேன். ‘என் புருஷனை நான் பார்த்துக்கறேன்’னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க.”

விரல் சொற்களைத் தேடுகிறது. பிறகு:

“அவ. தூங்கறது. இல்ல. பஸ். ஓட்டறா.”

நடையில் கிடந்த வாளியை எடுத்து வேண்டுமென்றே சத்தமாக வைத்துவிட்டு உள்ளே போனேன். இரண்டு பேரும் திருடர்கள் மாதிரி பார்த்தார்கள்.

ஜூன் 26, புதன்

சண்டை. அவன் படுத்த இந்த நாலு வருஷத்துல இப்படி ஒரு சண்டை போட்டதில்ல. ரெண்டு வாரமா எழுத்து எழுத்தா என்னைப் படிக்க வெச்சது இதுக்குத்தானா? என்னை விட்டுட்டுப் போகவா? அட்டையிலேயே சொல்லியிருக்கலாமே!

“அட்டையில. நீ. தான். படிக்கணும். பாதியில. நிறுத்திடுவ.”

நிறுத்தியிருப்பேன்.

“அப்போ அந்த அமெரிக்கன்? அவனை வெச்சுச் சொல்லியிருக்கலாமே?”

“அவன். சொன்னா. நீ. கேப்பியா?”

நான் கத்தினேன். அவனும் ஒலியைக் கூட்டும் கட்டத்தை அழுத்தி அழுத்திக் கத்தினான். பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது. கண்ணை மட்டும் அவன் மூடவில்லை.

கடைசியில் அன்று சிவப்பு விளக்கில் கண் சொருகியதையும், அந்தப் பெண் சொன்னதையும் சொல்லிவிட்டேன்.

பிறகு நானே லோசாவிடம் தொலைபேசியில் பேசி, வெள்ளிக்கிழமைக்கு இல்லத்தில் இடம் கேட்கச் சொன்னேன்.

ஜூன் 28, வெள்ளி

நாலு மணிக்கு அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்தாயிற்று. கணினியைப் பொருத்தினேன், பொத்தானைச் சரிபார்த்தேன், இன்னொரு முறை சரிபார்த்தேன். “போ” என்றான்.

ஜூன் 30, ஞாயிறு

மூன்று மணிக்கு அழைத்துவரப் போனேன். சன்னல் பக்கம் உட்காரவைத்திருந்தார்கள். ரக்பி நடுவரைத் திட்டியதில் பக்கத்துக் கட்டில்காரர் சிநேகமாகிவிட்டாராம். என்னைப் பார்த்ததும் விரல் அசைந்தது.

“தூங்கினியா?”

“தூங்கினேன்.”

“பொய்.”

“இல்ல டெஸ். நேத்து பதினொரு மணிக்குத்தான் எழுந்தேன். டீ போட்டுக் குடிச்சிட்டு மறுபடியும் தூங்கினேன்.”

புறப்படும்போது வரவேற்பில் ஒரு படிவம் கொடுத்தார்கள். இனி மாதம் ஒருமுறை, வெள்ளி முதல் ஞாயிறு வரை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அவனைத் தள்ளிக்கொண்டு வண்டிக்குப் போனேன்.