நிரப்பாத கட்டம்

பிப்ரவரி 10, 2025 - திங்கள்

ஆரஞ்சு தூத்துக்குடி வந்து சேர்ந்துவிட்டது. எகிப்துப் பழம், ஒரு கன்டெய்னர். காலையில் மூக்கையா கூப்பிட்டார். துறைமுகத்தில் எங்கள் சரக்கை விடுவித்துத் தருகிற கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் யார்டைப் பார்த்துக்கொள்கிறவர். இரண்டு வருடமாகப் பேசுகிறோம், முகம் தெரியாது.

"மேடம், பொட்டி அஞ்சு டிகிரில நிக்கிது. நல்லாருக்கு."

பழம் அங்கே நிற்கிற நாளெல்லாம் கூப்பிட்டு இதைச் சொல்லுவார். சில நாள் நான் பேசுகிற ஒரே பேச்சு அதுதான்.

புதன்கிழமை குவாரன்டைன் ஆபீசர் வந்து பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் கஸ்டம்ஸில் விடுவார்கள். பனியன் எக்ஸ்போர்ட்டில் பதினான்கு வருடம் பேப்பர் பார்த்தபோது இந்தப் பயமெல்லாம் இல்லை. பனியன் ஒரு மாதம் கிடந்தாலும் பனியன்தான்.

பிப்ரவரி 12 - புதன்

நிறுத்திவிட்டார்கள்.

பைட்டோவில் குறையாம். "இந்தப் பழத்தில் பூச்சி இல்லை" என்று அந்த நாட்டு வேளாண்துறை தருகிற சான்றிதழ் அது. பழ ஈயின் புழு சாகிற வரைக்கும் ஆரஞ்சைக் கடுங்குளிரில் இத்தனை நாள் வைத்திருந்தோம் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். அந்தக் கட்டம் காலி.

"ஆபீசரம்மா பொட்டியத் தொறக்கவே விடல மேடம்," என்றார் மூக்கையா. அப்புறம் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். "சரி, வச்சிருதேன்."

என்ன சொல்ல வந்தார்?

பிப்ரவரி 13 - வியாழன்

தெரிந்துவிட்டது.

பழைய மெயிலைத் தேடி எடுத்தேன். ஜனவரி 19. பைட்டோ அடிப்பதற்கு முன்னால் சரிபார்க்கச் சொல்லி எகிப்திலிருந்து எனக்கு நகல் அனுப்பியிருக்கிறார்கள். கட்டம் அதிலேயே காலியாகத்தான் இருக்கிறது. காலை 11.40-க்கு நான் பதில் போட்டிருக்கிறேன் - ஓகே.

ஜனவரி 19 சேவூரில் அண்ணன் மகள் கல்யாணம். அத்தை முறைக்கு நான் செய்ய வேண்டிய சடங்கைச் சித்தப்பா மகளைக் கூப்பிட்டுச் செய்ய வைத்தார்கள். புருஷனை விட்டு வந்தவள் மணமேடை ஏறக் கூடாதாம். என்னிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. நான் எழுந்து பாதி தூரம் போன பிறகுதான், அவள் தட்டோடு நிற்பதைப் பார்த்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் நாற்காலி காலி. போன் அதிர்ந்தது. அப்பாடா என்றிருந்தது. எனக்கும் ஏதோ அவசர வேலை இருக்கிற மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்து எதுவும் கண்ணில் ஏறவில்லை. ஓகே என்று தட்டினேன்.

அந்தப் பதிலின் நகல் மூக்கையாவுக்கும் போயிருக்கிறது.

பிப்ரவரி 14 - வெள்ளி

ஓனர் பழனிமுத்து அண்ணன் இன்று கத்திய கத்தில் கிடங்கில் மூட்டை தூக்குகிற பீகார்ப் பையன்கள்கூட வெளியே போய் நின்றுகொண்டார்கள். நிட்டிங் மெஷினையெல்லாம் விற்றுவிட்டு, இனிப் பழந்தான் என்று பல்லடம் ரோட்டில் குளிர்கிடங்கு கட்டியவர். கோபம் வராமல் இருக்குமா?

"பேப்பரு வந்ததும் பாக்கறதுக்குத்தான அங்க ஒரு ஆளு? அந்த மூக்கையனத் தூக்கிப்போடச் சொல்லீட்டனுங்க. இந்த மாசத்தோட சரி."

மெயிலை அண்ணன் திறந்ததே இல்லை. இங்கிலீஷ் பேப்பர் எல்லாம் என் பாடு.

நான் தலையை ஆட்டினேன். ஆட்டினேனே!

பிப்ரவரி 15 - சனி

மூக்கையா வழக்கம்போல் கூப்பிட்டார். குளிர் அஞ்சு டிகிரி. குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

நானே கேட்டேன். "அந்த மெயில் உங்ககிட்ட இருக்குதுங்களா?"

"இருக்கு மேடம்."

"அப்பறம் ஏனுங்க காட்டல?"

"நீங்க தனியாளு. வேல போச்சுன்னா என்ன செய்வியளோன்னு நெனச்சேன். எனக்காச்சும் வீட்டுக்காரி பீடி சுத்துதா."

"நான் தனியாளுன்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?"

"எப்பக் கூப்பிட்டாலும் மொத ரிங்குலயே எடுத்துருவியளே மேடம்."

வைத்துவிட்டேன். வேறு என்ன செய்ய?

பிப்ரவரி 16 - ஞாயிறு

யாரும் கூப்பிடவில்லை. நானும் யாரையும் கூப்பிடவில்லை. துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன்.

பிப்ரவரி 17 - திங்கள்

சொல்லிவிட்டேன்.

அண்ணன் டீ குடித்து முடிக்கும்வரை நின்றேன். "மூக்கையா மேல தப்பில்லீங்கண்ணா. பைட்டோ அடிக்கறதுக்கு முன்னாடியே எனக்குத்தான் பாக்க அனுப்புனாங்க. நான் படிக்காமயே ஓகேன்னு போட்டுட்டனுங்க."

டம்ளரைக் கீழே வைத்தார்.

"அந்த மனுசன நான் என்ன பேச்சுப் பேசுனேன்னு தெரியுமுங்களா?"

"தெரியுங்க."

"வெள்ளிக்கெழம நீங்களும் இங்கதான நின்னீங்க?"

"நின்னனுங்க."

"போங்க. போய் உக்காருங்க."

என் முன்னாலேயே ஏஜென்டுக்குப் போன் போட்டார். "அந்த ஆள ஒண்ணும் பண்ணிப்போடாதீங்க. தப்பு எங்க ஆபீஸ்லதானுங்க." என் பேரைச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதற்குத்தான் பாத்ரூமில் போய் அழுதேன்.

பிப்ரவரி 20 - வியாழன்

எகிப்திலிருந்து பதில். விட்டுப்போன வரியைச் சேர்த்துப் புது பைட்டோ கேட்டிருந்தோம். தர முடியாதாம். எழுத மறந்ததல்ல. கடுங்குளிரில் வைக்கிற வேலையையே அந்த ஏற்றுமதிக்காரன் செய்யவில்லை.

திருப்பி அனுப்பலாம், இல்லையென்றால் அழிக்கலாம். திரும்பிப் போய்ச் சேர்வதற்குள் அழுகிவிடும். "அழிச்சுப் போடலாம்," என்றார் அண்ணன். "நீங்களே போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வாங்க."

பிப்ரவரி 25 - செவ்வாய், தூத்துக்குடி

கன்டெய்னர் கதவைத் திறந்ததும் குளிர்ப் புகையோடு வாசம் வந்தது. அவ்வளவு நல்ல வாசம். ஒவ்வொரு பழமும் துடைத்து வைத்ததுபோல் மின்னியது. இதையா புதைக்கப் போகிறோம்?

ஆபீசரம்மா ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து, பழங்களை ஒவ்வொன்றாக இரண்டாக அறுத்தார். ஆறாவது பழத்தைக் கத்தியோடு என்னிடம் நீட்டினார். சுளைக்கு நடுவில் அரிசி நொய் அளவுக்கு வெள்ளையாக ஒன்று. முதலில் விதை என்று நினைத்தேன். அது நெளிந்தது.

"எந்த ஊரும்மா நீங்க?"

"திருப்பூருங்க."

"அங்க எலுமிச்சை, கொய்யா, மாதுளை எல்லாம் போடுறாங்கல்ல? இது அங்க வந்து இறங்கினா அப்புறம் யாராலயும் விரட்ட முடியாது." நோட்டில் எழுதிக்கொண்டே சொன்னார், "பைட்டோ நகல் உங்களுக்கு வந்திருக்கும்ல, அன்னைக்கே அந்தக் கட்டம் ஏன் காலின்னு கேட்டிருந்தா, இது கப்பலே ஏறியிருக்காது."

ஆமாம் என்றேன்.

குழி ஆழம். கொட்டக் கொட்ட ஆரஞ்சு நிறம் கீழே போய்க்கொண்டே இருந்தது. மேலே சுண்ணாம்பு, அதற்கு மேலே மண். என் பக்கத்தில் குள்ளமாக, தடித்த கண்ணாடி போட்ட ஒருவர் நின்றிருந்தார். எல்லாம் முடிந்த பிறகு, "மேடம், நாந்தான் மூக்கையா," என்றார். கைகூப்பினேன். மன்னிப்புக் கேட்கப் பஸ்ஸில் வரும்போதெல்லாம் வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். அதை ஆரம்பிப்பதற்குள், "வெயிலா இருக்கு, மோரு குடிக்கியளா?" என்று கேட்டார்.

மார்ச் 8 - சனி

வேலை போகவில்லை. ஆனால் இனி எல்லா மெயிலும் பழனிமுத்து அண்ணனின் மச்சான் தனபாலுக்கும் ஒரு நகல் போகும். அவர் பார்த்த பிறகுதான் என் பதில் போக வேண்டும். நியாயம்தான். நான் உள்ளே போனால் ஆபீஸில் பேச்சு நின்றுவிடுகிறது. சேவூரிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. அங்கே யாருக்கும் இது தெரியவும் தெரியாது.

மார்ச் 30 - ஞாயிறு

மூக்கையா கூப்பிட்டார். துறைமுகத்தில் நம் பொட்டி எதுவும் இல்லையே, எதற்குக் கூப்பிடுகிறார் என்று பயந்துபோய் எடுத்தேன்.

அவர் மகளுக்குத் திருப்பூரில் வேலை கிடைத்திருக்கிறதாம். பனியன் கம்பெனியில், செக்கிங்கில். ஹாஸ்டலில் இடம் கிடைக்க ஒரு மாதம் ஆகுமாம். "அங்க எங்களுக்கு வேற யாரையும் தெரியாது மேடம். ஒங்கள நம்பித்தான்..."

என்னை நம்பி.

"அனுப்பி வைங்க," என்றேன். அதற்கப்புறம்தான் என் வீட்டில் ஒரே பாய்தான் இருக்கிறது என்று ஞாபகம் வந்தது.

ஏப்ரல் 6 - ஞாயிறு

மூக்கையாவின் மகள் பிரியங்கா காலை பஸ்ஸில் வந்தாள். நிறையப் பேசுகிறாள். இப்போது குளித்துக்கொண்டிருக்கிறாள், அங்கிருந்தும் ஏதோ கேட்கிறாள். இரண்டு பேருக்கு எத்தனை டம்ளர் அரிசி போடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். குத்துமதிப்பாகப் போட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன். விசில் வந்துவிட்டது.