தொழில்: விவசாயம்

நேற்றுக் காலை எங்கள் கட்டடத்தின் அழைப்புமணியைத் திருத்த ஒருவர் வந்திருந்தார். கீழ்த்தளத்துச் சுவர்ப்பெட்டியைத் திறந்து வைத்து, கம்பி முனையில் ஈயத்தை உருக்கி ஒட்டிக்கொண்டிருந்தார். கடைக்குப் போகவென்று மேல்மாடி வீட்டிலிருந்து படியிறங்கிய நான் இரண்டாம் மாடியில் நின்றுவிட்டேன். பிசின் கருகும் அந்தப் புகை மணம் படிக்கட்டு வழியே ஏறி வந்தது. உமது சட்டையில் எப்போதும் இருந்த மணம். கையிலெடுத்த பையோடு திரும்பி வந்து கதிரையில் அமர்ந்தேன்.

உமக்கு எழுதுவதா, உம்மைப் பற்றி எழுதுவதா என்ற ஐயம் இத்தனை ஆண்டுகளாக என்னைத் தடுத்தது. நீர் இறந்தவர் என்று சொல்ல என்னிடம் பத்திரம் இல்லை. உயிரோடிருப்பவர் என்று சொல்ல நியாயம் இல்லை. நாள் தெரியாமையால் உமது தங்கையால் ஒரு திதிகூடக் கொடுக்க முடியவில்லை. இந்த நிலையில் உள்ள ஒருவருக்கு மடல் எழுதலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. எழுதக்கூடாது என்றும் சொல்லவில்லை. ஆகையால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. பிரெஞ்சு பேசும் நகரமான லோசானில் அகதி விண்ணப்பகாரருக்கென ஒதுக்கிய பழைய விடுதியின் நான்காம் மாடியில் நமக்கு ஒரே அறை. நான் கொழும்பில் சட்டம் முடித்து, இரண்டு ஆண்டுகள் ஒரு மூத்த சட்டத்தரணியின் கீழ் இருந்தவன். நீர் வடமராட்சியில் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவர். கலியாணமோ, கோயில் திருவிழாவோ, செத்தவீடோ, பனையில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு ஊரின் எல்லைவரை நடந்துபோய்க் காது கொடுத்துப் பார்த்த பிறகுதான் வேலை முடிந்ததாக எண்ணுவீராம். "கடைசி வீட்டுக்குக் கேக்குதோ?" என்ற அந்தக் கேள்வியை நீர் லோசானிலும் விடவில்லை. அடுத்த அறைக்காரரின் வானொலியைத் திருத்திக் கொடுத்துவிட்டு, தாழ்வாரத்தின் கோடியில் போய் நின்று அதையே கேட்பீர். வக்கீலை ஊரில் சொல்லும் வழக்கப்படி என்னை அப்புக்காத்தர் என்று அழைப்பீர். வழக்கில்லாத அப்புக்காத்தர் என்று மற்றவர்களுக்கு அறிமுகம் வேறு செய்வீர்.

பிறகு எனக்கு ஒரு வழக்கு வந்தது. அது உம்முடையது.

ஊரில் ஒரு செத்தவீட்டு ஊர்வலத்தில் ஆயுத இயக்கத்தார் உமது ஒலிவாங்கியில் அறிவித்தல் செய்தார்கள். நீர் கொடுக்கவில்லை, அவர்கள் கேட்கவும் இல்லை, எடுத்தார்கள். மூன்றாம் நாள் இராணுவத்தார் உம்மைப் பிடித்துக்கொண்டு போய் ஆறு கிழமை முகாமில் வைத்திருந்தார்கள். வெளியே வந்தபோது இடது காது கேட்கவில்லை. உமது அகதி விண்ணப்பம் முழுவதற்கும் இருந்த உண்மை இவ்வளவே. இவ்வளவும் போதுமாயும் இருந்தது.

ஆனால் உமது முதல் வாக்குமூலத்தை எழுதிக் கொடுத்தவன் நான். எனக்கு அச்சம். ஒலிபெருக்கி என்று எழுதினால் இயக்கத்துக்கு உதவியவர் என்று கொள்வார்கள், உம்மை ஆபத்தில் இருப்பவராக அல்ல, ஆபத்தானவராகப் பார்ப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். உமது தகப்பனாருக்குப் புகையிலைத் தோட்டம் இருந்தது. ஆகவே தொழில் விவசாயம் என்றும், பொதுச் சுற்றிவளைப்பில் பிடிபட்டீர் என்றும் எழுதினேன். நீர் கைகளை விரித்துக் காட்டினீர்.

"நான் ஒருநாளும் மண்வெட்டி பிடிச்சதில்லை காணும். இந்தக் கையைப் பாத்தால் தெரியாதோ?"

அவர்கள் கையைப் பார்ப்பதில்லை, கடதாசியைத்தான் பார்ப்பார்கள் என்றேன். நீர் சிரித்துவிட்டுக் கையொப்பமிட்டீர். அந்தக் கூற்றின் பிற்பகுதி உண்மையாயிற்று.

அந்தக் கோடையில்தான் பக்கத்து ஊரான ரெனானில் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. நமது பிரெஞ்சு வகுப்பில் பேர்ல் என்ற யமேக்காத் தீவுப் பெண்மணி ஒருவர் இருந்தார். முதியோர் இல்லத்தில் வேலை. தன் ஊர்ப் பாடகர்கள் வருகிறார்கள், லண்டனிலிருந்து உறவினர் பெட்டிகளோடு வருகிறார்கள், பிற்பகல் மூன்று மணிக்கு நீங்கள் இருவரும் வரவேண்டும் என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். பெட்டிகள் என்றால் என்ன என்று நீர் கேட்டீர். ஒலிபெருக்கிகள் என்றேன். அதன் பிறகு என் தயக்கத்துக்கு இடமிருக்கவில்லை.

புகையிரதப் பாதைக்கு அருகே, கைவிடப்பட்ட தொழிற்சாலைக் கூடம் அது. வாசலிலேயே ஆட்டுக்கறி மணம் நம்மை நிறுத்தியது. பெரிய கிடாரத்தில் கறி, பக்கத்தில் சோறு. பேர்ல் தட்டை நீட்டியபோது நீர் ஒரு வாய் எடுத்துவிட்டு, மிளகாய் நம்மடைதான் காணும், கறித்தூள்தான் வேறை ஆரோ இடிச்சது என்று தீர்ப்பளித்தீர். நாம் எதிர்பார்த்தது வாலிபர் கூத்து. அங்கே தொப்பி அணிந்த மூதாட்டிகள் ஆடினார்கள். கோயிலுக்குப் போகும் உடுப்போடு குடும்பங்கள் வந்திருந்தன. சுவரோரம் அலுமாரி உயரத்தில் மரப்பெட்டிகள். தாளம் எழுந்தபோது அது காதுக்கு வரவில்லை. நிலத்தால் வந்து முழங்காலில் ஏறியது. நீர் என் கையைப் பிடித்து ஒரு பெட்டியின் பலகையில் வைத்து, உமது கேளாத காதைத் தொட்டுக் காட்டினீர். இதுக்குக் காது தேவையில்லை என்பது உமது பொருள். உமது கண் கலங்கியிருந்தது. நான் பார்க்காதவன்போல் நின்றேன்.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பாட்டு மனத்தைப் பிடித்துவிட்டால் அதை முடியவிடமாட்டார்கள். கூட்டம் கைகளால் சுவரில் அறையும். பாடகர் கையை உயர்த்துவார். தாளம் நடுவிலே அறுந்து நிற்கும். பின்பு பாட்டு முதலடியிலிருந்து மறுபடியும் தொடங்கும். அதில் எவருக்கும் குறை இல்லை. பிழை நேர்ந்ததற்காக அல்ல, நன்றாயிருந்ததற்காகத் திரும்பத் தொடங்குகிறார்கள் என்பது எனக்கு விளங்க நேரமெடுத்தது. உமக்கு உடனே விளங்கியது. நீர் இரண்டு கையாலும் சுவரில் அறைந்தீர்.

"தட்டும் காணும். கேட்டால் திரும்ப முதலிலையிருந்து தாறாங்கள்."

நான் தட்டவில்லை. வந்த இடத்தில் விருந்தினன் சுவரை அடிப்பது முறையல்ல என்று நினைத்தேன்.

ஐந்து மணியளவில் பெட்டிகளில் ஓர் இரைச்சல் புகுந்தது. ஒலியைக் கவனித்த நரைத்த தாடிக்காரர் ஒவ்வொரு கம்பியாக இழுத்துப் பார்த்தார். கூட்டம் காத்துநின்றது. நீர் என்னைக் கேட்காமலே முன்னே போனீர். மொழி இல்லை; விரலால் ஒரு கம்பியைக் காட்டி, இன்னொன்றைக் கழற்றச் சொல்லிச் சைகை செய்தீர். இரைச்சல் நின்றது. அவர் உம்மைத் தன் பக்கத்தில் நிறுத்தி, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள் இரண்டை உம்மிடம் ஒப்படைத்தார். மிகுதிப் பொழுது முழுவதும் நீர் அங்கேதான் நின்றீர். இடையில் ஒருமுறை கூடத்தின் கடைசிச் சுவர்வரை நடந்துபோய்க் கேட்டுவிட்டுத் திரும்பியதையும் கண்டேன். நான் உம்மை அறிந்த காலத்தில் நீர் வாய்விட்டுச் சிரித்த ஒரே நாள் அது.

அங்கே உள்ளூர்ப் பத்திரிகையின் படப்பிடிப்பாளர் ஒருவர் இருந்தார். கருவி நம் பக்கம் திரும்பியபோது நான் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். உம்மை ஒதுங்கச் சொல்லவில்லை. உமது சிரிப்பைக் குலைக்க மனம் வரவில்லை என்று பல காலம் எனக்கே சொல்லிவந்தேன். அது முழு உண்மை அல்ல. என்னை மறைப்பதே எனக்கு முதலில் தோன்றியது.

படம் வெளிவந்தது. கீழே, யமேக்கா இசைக்கு ஒலியமைக்கும் தமிழ்த் தொழில்நுட்பர் என்று இரண்டு வரி. விடுதியில் எல்லோரும் அதை வெட்டி உமது கட்டிலுக்கு மேலே ஒட்டினார்கள். இரண்டு மாதம் கழித்து உமது இரண்டாம் விசாரணையில் அதே படம் மேசைமேல் கிடந்தது.

நான் வெளியே வாங்குப் பலகையில் காத்திருந்தேன். உள்ளே நடந்ததை நீர் பேருந்துத் தரிப்பிடத்தில் சொன்னீர். அதிகாரி மரியாதையாகத்தான் கதைத்தாராம்; குடிக்கத் தண்ணீரும் கொடுத்தாராம். விவசாயிக்கு இந்த வேலை எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறார். நீர் எல்லாவற்றையும் உள்ளபடி சொன்னீர்: ஊர்வலம், ஒலிவாங்கி, முகாம், காது. அப்படியாயின் முதலில் ஏன் மாற்றிச் சொன்னீர் என்றார். பயத்தில் என்றீர்.

"ஆர் சொல்லித் தந்தது எண்டும் கேட்டவர். ஒருத்தரும் இல்லை எண்டிட்டன். நீரும் வழக்கிலை நிக்கிறீர் காணும்."

ஓம், என் விண்ணப்பமும் அப்போது அதே அலுவலகத்தில் கிடந்தது.

முடிவு ஒன்றரைப் பக்கத்தில் வந்தது. அகராதியை வைத்துக்கொண்டு நானே உமக்கு மொழிபெயர்த்தேன். அடிப்படையான விடயத்தில் முன்னுக்குப்பின் முரண். ஆகையால் பிந்திய கூற்று நம்பத்தக்கதல்ல. உமது உண்மை இரண்டாவதாக வந்த காரணத்தால் பொய்யாயிற்று. சட்டம் படித்தவன் என்ற முறையில் அந்தத் தர்க்கத்தில் எனக்குக் குற்றம் காண முடியவில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

மேன்முறையீட்டையும் நானே வரைந்தேன். பதினொரு பக்கம். காதைப் பரிசோதித்த வைத்தியரின் சான்றிதழ், ஊர்க் கிராம சேவகரின் கடிதம், எல்லாம் இணைத்தேன். ஒரேயொரு வாக்கியத்தை விட்டேன்: முதல் வாக்குமூலத்தில் தொழிலை மாற்றி எழுதியவன் இதை எழுதும் நானே என்ற வாக்கியம். அந்த மனுவில் உமக்கு உதவியிருக்கக்கூடியது அது ஒன்றுதான். அதை எழுதினால் என் சொந்த வழக்கின் நம்பகத்தன்மை என்னவாகும் என்று யோசித்தேன். ஒரு கிழமை யோசித்தேன். பிறகு அதில்லாமலே தபாலில் சேர்த்தேன்.

மனு தள்ளுபடியாயிற்று. ஒரு காலையில் சிவில் உடையில் பொலிசார் இருவர் உம்மை ஊருக்குத் திருப்பியனுப்ப வந்தார்கள். நீர் உடுப்புகளுக்கிடையில் வானொலி திருத்தும் ஈயக்கோலைச் சுற்றி வைத்துப் பையைப் பூட்டினீர். படியில் இறங்கும்போது திரும்பிப் பார்த்தீர்.

"அப்புக்காத்தர், அந்தக் கடதாசியிலை விவசாயம் எண்டு கிடக்கிறதை வெட்டிவிடும். தோட்டம் செய்யிற எங்கட அப்பு அறிஞ்சால் சிரிப்பார்."

இதுவரை எழுதியதில் நான் கண்டதும் உண்டு, உமது வாயால் கேட்டதும் உண்டு. இதற்கு மேல் இருப்பது வெறும் கேள்விச் சாட்சியம். கொழும்பில் ஒரு விடுதியில் நீர் தங்கியதாகவும், ஐந்தாம் நாள் பிற்பகலில் யாரோ வந்து உம்மை வாகனத்தில் ஏற்றியதாகவும், பையை மட்டும் விடுதிக்காரர் எடுத்து வைத்திருந்ததாகவும் உமது தங்கை எழுதினார். யார் ஏற்றியது என்று எவரும் சொல்லவில்லை. அதன் பின் ஒன்றும் இல்லை. அடுத்த ஆண்டு எனக்கு இங்கே இருக்க அனுமதி கிடைத்தது. என் வாக்குமூலத்தில் முரண் எதுவும் இல்லை என்று குறிப்பிட்டிருந்தார்கள்.

நான் இங்கே சட்டத்தரணி ஆகவில்லை. வைத்தியசாலைச் சலவைப் பகுதியில் வேலை பார்த்தேன். பின்பு நெடுங்காலம் நம்மவர்களின் பத்திரங்களை மொழிபெயர்த்தேன். வந்தவர் எவராயினும் முதலில் தொழில் என்ன என்று கேட்பேன். சொன்னதைச் சொன்னபடியே எழுதுவேன். இப்படிச் சொன்னால் நல்லதோ என்று கேட்பவருக்கு நான் பதில் கொடுத்ததில்லை. கறாரான மனிதர் என்று பெயர் வாங்கியிருக்கிறேன்.

நேற்று, பையைக் கீழே வைத்துவிட்டு, உமது வழக்குக் கோப்பை எடுத்தேன். முதல் வாக்குமூலத்தின் பிரதி அதில் இருக்கிறது. மைத்தாள் நீலம் மங்கிவிட்டது; ஆனால் என் கையெழுத்தென்று இன்னும் தெரிகிறது. தொழில் என்ற இடத்துக்கு நேரே அந்தச் சொல். நீர் கேட்டபடி அதை நான் வெட்டவில்லை. வெட்டினால், அதை எழுதியவன் நான் என்பதற்கு இருக்கும் ஒரே சான்றும் போய்விடும். உம்மிடமிருந்து நான் சுமப்பது அந்த ஒரு சொல். அதை இறக்கி வைக்க எனக்கு உரிமை இல்லை.

அப்போது அழைப்புமணி ஒலித்தது. கீழே அவர் சோதித்துப் பார்க்கிறார். நான் எழுந்திருக்கவில்லை. என்ன நினைத்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. பக்கத்துச் சுவரில் உள்ளங்கையால் இரண்டு முறை அறைந்தேன். எதுவும் நிற்கவில்லை. எதுவும் முதலிலிருந்து தொடங்கவில்லை. சத்தம் கேட்டுவிட்டுப் படிக்கட்டின் அடியிலிருந்து அந்த மனிதர் பிரெஞ்சில் கூவினார்: மேலே, கடைசி வீட்டுக்குக் கேட்கிறதா?

நான் தமிழில்தான் பதில் சொன்னேன்.

"ஓம். கேக்குது."