ஜினகுமார் மாமா போன விதம்

காஞ்சிபுரம்
24-12-73

அன்பு மகள் சாந்திமதிக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. பகவான் கிருபையில் நானும் அப்பாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன் என வழக்கமாக எழுதுகிற வரியை இந்தத் தடவை எழுதக் கை வரவில்லை, சுகமில்லை என்று நீயே நாலு பக்கத்துக்கு எழுதிவிட்டாய். கடிதம் மழையில் நனைந்து ஓரமெல்லாம் மை கலைந்து வந்தது. அப்பா மண்டிக்குப் போயிருந்தார், நான் தனியாக உட்கார்ந்து படித்தேன், அடுப்பில் இருந்த பருப்பு தீய்ந்து வாசனை வந்த பிறகுதான் எழுந்தேன். உடம்பு பெருத்துப்போய்ப் படி ஏறினால் மூச்சு முட்டுகிறது, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, சர்க்கரை வேறு வந்திருக்கிறது, இவ்வளவையும் வைத்துக்கொண்டு போட்டோவில் மட்டும் மாப்பிள்ளை தோளுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்று சிரிக்கிறாயே, அடிப் பாவி, பெற்றவளிடம் மறைக்கிற விஷயமா இது. அந்தப் போட்டோவை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினேன், என் பெண் சிகாகோவில் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாள் பாருங்கள் என்று.

இங்கே மழை விட்டபாடில்லை. அப்பாவின் மண்டியில் கடலை மூட்டை இரண்டு வரிசை நனைந்து முளை விட்டுவிட்டது, அதற்கு என்மேல் எரிந்து விழுகிறார், மழையை நான்தான் வரச் சொன்னேன் போல. தெருவில் பாவு போட முடியாமல் எதிர்வீட்டுத் தறிகள் சும்மா கிடக்கின்றன, அதனால் காமாட்சியம்மாளுக்கு நம் வீட்டிலேயே குடித்தனம். உன் ஆபரேஷன் சங்கதியை அவளிடம் பாதிதான் சொன்னேன், அதற்குள் கொள்ளுக் கஞ்சி குடிக்கச் சொல்லு, ஒரு மண்டலத்தில் ஊசி மாதிரி ஆயிடுவா, எதுக்கும்மா கொடலை அறுக்கணும் என்று ஆரம்பித்துவிட்டாள். நீ பார்க்காத கொள்ளா. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே உனக்குக் கொள்ளும் சுரைக்காய்ச் சாறுமாய்ப் புகட்டினேன், நீயும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாய். பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டுச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்துபோன ஒவ்வொரு தடவையும் நீ பின்கட்டில் பாத்திரம் தேய்க்கிற சாக்கில் அழுததும் எனக்குத் தெரியும். மாப்பிள்ளை ஜினேந்திரன் உன்னைப் பார்த்த அன்றே சரி என்றாரே, அந்த ஒன்றுக்காகவே அவரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். அவரும் இப்போது ஆபரேஷன் உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டு ராத்திரியெல்லாம் உன் மூச்சை எண்ணிக்கொண்டு படுத்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறாய். அவர் பாடும் கஷ்டம்தான்.

நீ எழுதியதை நான் புரிந்துகொண்ட வரையில், டாக்டர் வயிற்றைத் திறந்து சிறுகுடலில் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு மேல் துண்டையும் கீழ்த் துண்டையும் சேர்த்துத் தைத்துவிடுவார், சாப்பிடுவது உடம்பில் சேராமல் போய்விடும், அதனால் இளைப்பாய். ஜனவரி முதல் வாரத்தில் நாள் குறித்திருக்கிறார்கள், மனசு இரண்டாக இருக்கிறது, அம்மா சொல்வதைக் கேட்டு முடிவு செய்கிறேன் என்கிறாய். படித்த கையோடு, வேண்டவே வேண்டாம், உடம்பு எப்படி இருந்தாலும் உயிரோடு இரு என்று நானும் ஒரு கடிதம் எழுதினேன். அனுப்பவில்லை, கிழித்துவிட்டேன். ஏன் கிழித்தேன் என்று சொல்லத்தான் இவ்வளவு பெரிய கடிதம்.

நம் குடும்பத்தில் கத்தி என்றால் எல்லோருக்கும் உன் ஜினகுமார் மாமா நினைவுதான். என் ஒரே தம்பி, உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவன், வயிற்றுப்புண்ணுக்கு மெட்ராஸில் ஆபரேஷன் செய்துகொண்டு ஊருக்கு, கரந்தைக்குத் திரும்பி ஒரு மாதத்துக்குள் போய்விட்டான். அப்போது எனக்கு டைபாய்டு ஜுரம், கூட இருந்து பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை, கடைசியாக முகம் பார்க்கத்தான் என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கத்தி வைத்தார்கள், போய்விட்டான் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன். உன் அப்பா குடலிறக்கத்துக்கு இன்றுவரை பட்டைத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மூட்டை தூக்குகிறாரே, டாக்டரிடம் போகலாம் என்றால் உன் தம்பி போன இடத்துக்கு என்னையும் அனுப்பப் பார்க்கிறாயா என்கிறாரே, அதெல்லாம் இதனால்தான்.

ஆனால் என்னைக் கலக்கியது கத்தி மட்டுமில்லை, நீ கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தது. கத்திக்குப் பயமாக இருக்கிறது அம்மா, ஆனாலும் மாமா போனபோது கோயிலில் எடுத்துக்கொண்ட நியமம் என்னைக் காப்பாற்றும், மாமா மாதிரியே ஆபரேஷன் ஆனாலும் பொழுது சாய்ந்தபின் சொட்டுத் தண்ணீர் தொடமாட்டேன் என்று எழுதியிருந்தாய். பொழுதோடு சாப்பிட்டு முடிப்பது நம் ஜைனர் வீடுகளில் எல்லோருக்கும் வழக்கம். ஆனால் ராத்திரித் தாகத்துக்கு ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறவர்கள்தான் முக்கால்வாசிப் பேர். அதுவும் கூடாது என்று பிடிவாதமாக இருந்தவன் உன் மாமா. அவன் போன துக்கத்தில், அவனுக்காக என்று நீயும் அதையே எடுத்துக்கொண்டாய், சின்ன வயசில் இவளுக்கு இருக்கிற பக்தியைப் பார் என்று எல்லோரும் மெச்சினோம். அமெரிக்கா போயும் நீ விடவில்லை. நாலரைக்கே இருட்டுகிற ஊரில் வேலை முடிவதற்குள் அவசர அவசரமாக அள்ளிப் போட்டுக்கொள்கிறேன், அதுவும் உடம்பில் ஏறுகிறதோ என்னவோ என்று முன்பே எழுதியிருந்தாய். கடைசிப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தபோது, என் தம்பி எப்படிப் போனான் என்று நான் யாரையும் கேட்டதே இல்லை என்பது உறைத்தது.

மறுநாளே மழையில் பஸ் ஏறிக் கரந்தைக்குப் போனேன். மாமா போனதிலிருந்து குணமாலா அத்தை அங்கே அவள் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாள், பாதியாகிவிட்டாள். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். நியமம் என்று வந்த இடத்தில் நிறுத்து அண்ணி என்றாள், அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள் பார், எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பிறகு அவளே சொன்னாள். கத்தி வச்ச எடம் ஆறிப்போச்சு அண்ணி, தையல் பிரிச்சி தலைக்குக்கூட ஊத்திக்கினாரு. ஆனா எது சாப்பிட்டாலும் வயிறு போய்க்கினே இருந்துது. பகல்ல மோர் குடுத்தேன், கஞ்சித்தண்ணி குடுத்தேன், குடிச்சாரு. பொழுது சாஞ்சா வாயத் தொறக்க மாட்டாரு. அக்கினி நட்சத்திர வெயிலு, நாக்கெல்லாம் வெடிச்சிப்போச்சு. டம்ளரை எடுத்துக்கினு போனா சுவத்துப் பக்கம் திரும்பிக்குவாரு. கடைசியில பொழுது கிளம்பிடுச்சா, பொழுது கிளம்பிடுச்சான்னு கேட்டுக்கினே இருந்தாரு அண்ணி, நான் இன்னும் இல்லீங்கன்னேன், அவ்வளவுதான். இதை ஏண்டி இத்தனை வருஷமாய்ச் சொல்லவில்லை என்று கேட்டேன். சாகிறப்பவும் நியமம் விடாத மனுசன்னு ஊரே கும்பிட்டுது, அதனாலதான் செத்தாருன்னு நான் எந்த வாயால சொல்லுவேன் என்றாள். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதோம்.

திரும்பும் வழியில் நேராக நமச்சிவாயம் டாக்டரிடம் போனேன். உன் கடிதத்தைக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். இந்த ஆபரேஷனை நான் கண்ணால பாத்ததில்லைம்மா, படிச்சதுதான் என்று ஒளிக்காமல் சொன்னார். பல மாதத்துக்கு வயிறு போகும், உடம்பில் இருக்கிற நீரும் உப்பும் கூடவே போகும், பகல் ராத்திரி பார்க்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து ஈடுகட்ட வேண்டும், மாத்திரையை நேரத்துக்கு விழுங்க வேண்டும், சிலருக்கு ஈரல் கெட்டுப்போகிறது, கெட்டால் மறுபடி திறந்து குடலைப் பழையபடி சேர்க்க வேண்டிவரும் என்றார். செய்துகொள்ளாவிட்டால் என்றேன். தூக்கத்தில் மூச்சு நிற்கிறதும் சின்ன விஷயமில்லை என்றார். நியமத்தைச் சொன்னதும்தான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அந்த ஊர்ல இந்த மாசம் ராத்திரி பதினஞ்சு மணி நேரம்மா, அவ்வளவு நேரம் தண்ணியில்லாம இருந்தா உங்க பொண்ணை யாராலயும் காப்பாத்த முடியாது, முதல்ல அதை எழுதுங்க என்றார்.

அப்புறமும் மனசு ஆறாமல் கோயிலுக்குப் போனேன். பூஜை செய்கிற நம் வாத்தியாரிடம், நோயாளி ராத்திரியில் தண்ணீர் குடித்தால் நியமம் கெட்டுவிடுமா என்று கேட்டேன். நோய்க்கு விலக்கு உண்டும்மா, குணமானப்புறம் பிராயச்சித்தம் பண்ணிக்கலாம், உயிரை விடச் சொல்லி எங்கயும் இல்ல என்று சாதாரணமாகச் சொன்னார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அப்படியானால் என் தம்பிக்கு ஏன் சொல்லவில்லை என்று சந்நிதி என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். யாரும் வந்து கேக்கலையேம்மா என்றார் பாவம், அவர்மேல் என்ன தப்பு. ஒருத்தர் வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் தம்பி இன்று இருந்திருப்பான் சாந்தா.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். செய்துகொள், செய்துகொள்ளாதே என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. வேண்டாம் என்று சொல்லி, ஒருநாள் தூக்கத்தில் நின்ற மூச்சு திரும்பாமல் போனால் நான் என்ன செய்வேன், சரி என்று சொல்லி அங்கே மேஜைமேல் ஏதாவது ஆனால்தான் என்ன செய்வேன். மாமாவை நினைத்துக் கத்திக்குப் பயப்படாதே, அந்தப் பயத்தை மட்டும் எடுத்துப் போட்டுவிடு, அது நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து தப்பாகப் பயந்த பயம். மற்றப் பயமெல்லாம் நியாயமானது, அதை விடாதே. அந்த டாக்டரிடம் வெட்கப்படாமல் கேள், இதுவரை எத்தனை பேருக்குச் செய்தார், அவர்கள் இரண்டு வருஷம் கழித்து எப்படி இருக்கிறார்கள், ஈரல் கெடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வார், ஒத்துவராவிட்டால் குடலை அவரே திரும்பச் சேர்த்துக் கொடுப்பாரா. முடிந்தால் செய்துகொண்ட பெண் ஒருத்தியை நேரில் பார்த்துப் பேசு. பதில் மழுப்பலாக வந்தால் நாளைத் தள்ளிப்போடு, கல்யாண முகூர்த்தமா என்ன, தவறிப்போவதற்கு. யாரோ சிரித்தார்கள், கடையில் உடுப்பு அளவு கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் வயிற்றைக் கொடுக்காதே. மூச்சுக்காக, சர்க்கரைக்காக என்றால் அது வேறு. நீ எந்தப் பக்கம் முடிவு செய்தாலும் நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து தலை கோதிவிட முடியாத தூரத்தில் உன்னைக் கட்டிக்கொடுத்துவிட்டு இருக்கிறேனே, அதற்குத்தான் என்னையே நொந்துகொள்கிறேன்.

அப்பாவிடம் இதையெல்லாம் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. அவரைத் தெரியாதா உனக்கு, மச்சினன் நியமத்தோடு போனான் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லுகிறவர். நேற்று மத்தியானம் சாப்பாடு போட்டுவிட்டு, குணமாலா சொன்னதைச் சொன்னேன், டாக்டர் சொன்னதைச் சொன்னேன், நீ எழுதியதையும் படித்தேன். கத்துவார் என்று பார்த்தேன். சோற்றைப் பிசைந்தது பிசைந்தபடி வைத்துவிட்டுக் கையைக் கழுவினார், சட்டையை மாட்டிக்கொண்டு குடைகூட எடுக்காமல் மழையில் இறங்கிப் போய்விட்டார். சாயங்காலம் தொப்பலாக நனைந்து வந்தார். எங்கே போனீர்கள் என்றால், தந்தி ஆபீசுக்கு, கடுதாசி போய்ச் சேர்றதுக்குள்ள கொழந்தைக்கு ஆபரேஷன் ஆயிட்டா என்ன பண்றது என்றார். ராத்திரியும் தண்ணீர் குடி, அப்பா சொல்கிறேன் என்று அடித்திருக்கிறாராம். இது உன் கைக்கு வருவதற்குள் அது வந்திருக்கும். ஊரிலிருந்து தந்தி என்றதும் சாவுச் செய்தியோ என்று நீ பதறித்தான் போயிருப்பாய். தந்தி ஆபீஸ்காரரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு, யாருங்க தவறிட்டாங்க என்று கேட்டிருக்கிறார். என் மச்சினன், பத்து வருஷமாச்சு, எப்படின்னு இன்னிக்கித்தான் தெரிஞ்சுது என்று சொல்லிவிட்டு வந்தேன் என்றார். சொல்லிவிட்டுத் தலை துவட்டுகிற துண்டாலேயே முகத்தை மூடிக்கொண்டார். உன் அப்பா அழுது நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம். அவரிடம் இந்தக் கடிதத்தை முழுசாகப் படித்துக் காட்டு, எதையும் விட்டுவிட்டுப் படிக்காதே. படுக்கைப் பக்கத்தில் ஒரு கூஜா நிறைய வெந்நீர் ஆற்றி வைக்கச் சொல்லு. பாவம் என்று ஒன்று வந்தால் அது எனக்கு வரட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன். நீ தீர்க்காயுசாக, தீர்க்க சுமங்கலியாக இருக்க வேண்டும். முடிவு என்ன என்று உடனே எழுது, அதற்கு முன்னால் இன்றைக்கு இருட்டியதும் ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்துக் குடி, எனக்கு அது போதும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா
ம. திரிசலா