ஆல்பத்தில் இல்லாத படம்

ஜூன் 11, புதன்

காலையிலேயே கொளுத்தும் வெயில். கரண்ட் இரண்டு முறை போய் வந்தது. விசா ஏஜென்சியிலிருந்து போன்.

"கல்யாண ஆல்பத்துல இருக்கிறது நீங்கதானா மேடம்? பாஸ்போர்ட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையே. திருத்தாத படமா அனுப்புங்க. எல்லாம் ஒரே பிடிஎஃப்பா."

சிரிப்பதா, அழுவதா. ஸ்டூடியோக்காரர் எங்கள் இருவர் முகத்துக்கும் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறார். கல்யாணமாகி மூன்றாம் வாரமே ஜெ. அயர்லாந்துக்குப் போயாச்சு. முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. நான் மதுரை கோச்சடையில், அம்மா வீட்டில். ஒன்றரை வருஷம். இந்தப் படங்கள் தேறினால்தான் நானும் போக முடியும்.

ஜூன் 12, வியாழன்

பள்ளி ஆபீசில் அரை நாள் லீவு. ஷேர் ஆட்டோவில் அவனியாபுரம், ஸ்டூடியோவுக்கு.

"லேசா கலர் ஏத்துனேன் தங்கச்சி."

"லேசாவாண்ணே?"

தலையைச் சொறிந்தார். கேமராவில் விழுந்தபடியே இருக்கும் ரா ஃபைல் அத்தனையும் பெண்டிரைவில் போட்டுக் கொடுத்தார். சாதாரணமாகத் திறக்காதாம். அதற்கான சாஃப்ட்வேரையும் என் லேப்டாப்பில் ஏற்றினார். "ஒவ்வொண்ணா தொறந்து ஜேபெக்கா மாத்துங்க. பெறகு சேர்த்து பிடிஎஃப். அம்புட்டுத்தான்."

வழியில் வாங்க வேண்டியது: தோசை மாவு, அம்மாவுக்கு மாத்திரை. மாத்திரை மறந்துவிட்டது. திட்டு.

ஜூன் 14, சனி

படங்கள் திறந்துவிட்டன. நான் நானாக. கறுப்பாக, கழுத்தெல்லாம் வியர்வை. ஜெ.வின் நெற்றித் தழும்பு இருக்கிறது. ஆல்பத்தில் அழித்திருந்தார்கள். திரையில் அந்த இடத்தை விரலால் தொட்டேன். கண்ணாடி சூடு.

ஒரு படம் ஆல்பத்தில் வரவே இல்லை. சர்ச் வாசல். செருப்பு கடித்து நான் வெறுங்காலோடு முன்னால் போகிறேன். பின்னால் ஜெ., என் செருப்பு அவர் கையில். என்னையே பார்க்கிறார். எனக்கு அது தெரியவே இல்லை.

அவருக்கு அனுப்பினேன். உடனே போன்.

"அதைச் சேர்க்காத ஷீலா. செருப்பத் தூக்கிட்டு நிக்கிறேன். அம்மா பார்த்தா என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிருவாங்க."

"உங்கம்மாவா விசா குடுக்கப் போறாங்க?"

சிரித்தார். பிறகு மெதுவாக, "அன்னைக்கு நான் அப்படியா பார்த்துக்கிட்டு இருந்தேன்?"

"ஆமாங்க."



பிடிஎஃப் சைஸ் அதிகம், ஏஜென்சி தளம் ஏற்கவில்லை. சுருக்கினால் ஜெ. முகம் மங்குகிறது. அதனால் சித்தப்பா குடும்பம், கேக், சர்ச் சாமியாரோடு எடுத்தவை எல்லாம் வெளியே. செருப்புப் படம் உள்ளே. அனுப்பியாச்சு.

செப்டம்பர் 3, புதன்

மதியம் மழை. ஆபீசுக்கே கூரியர் வந்தது. பாஸ்போர்ட். பிரிக்கக் கை வரவில்லை, பக்கத்து சீட் டீச்சர்தான் பிரித்தார். "ஒட்டியிருக்கு ஷீலா! ஒட்டியிருக்கு!"

வராண்டாவுக்கு ஓடிப்போய் ஜெ.வுக்குப் போன். அங்கே காலை, டியூட்டி நேரம். எடுத்துவிட்டார்.

"விசா வந்துருச்சுங்க."

"இரு" என்றார். கதவு திறக்கும் சத்தம். பிறகு காற்றின் இரைச்சல் மட்டும்.

"என்னங்க?"

மூக்கை உறிஞ்சுவது கேட்டது. நானும் போனை வைக்கவில்லை.