ஷேர் ஆட்டோவில் சண்டை போட சில குறிப்புகள்

திங்கள்

காலையிலேயே சுள்ளென்று வெயில். நான் வேலை பார்க்கும் புடவைக் கடையில் ஏசி ரிப்பேர்.

இன்று முதல் நான் சூப்பர் ஹீரோ. விஷயம் தெரிந்தவள் பக்கத்து கவுன்ட்டர் சுமதி மட்டும். காரணமும் அவள்தான். சாயங்காலம் ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோவில் ஒரு கட்டம் போட்ட சட்டைக்காரன் தினமும் அவளை ஒட்டி உட்கார்ந்து துப்பட்டாவைத் தடவுகிறானாம். வீட்டில் சொன்னதற்கு அவள் அண்ணன், "அப்ப வேலைக்கே போவாத." இந்த வெள்ளியோடு வேலை கடைசியாம். தப்பு அவனுடையது, வேலை போவது இவளுக்கு. வெள்ளிக்கிழமை அவளோடு அதே ஆட்டோவில் போகிறேன்.

செவ்வாய்

மதியச் சாப்பாட்டு நேரம், மாடியில் பயிற்சி. எதிரி: புடவை கட்டிய பொம்மை. குரு: போன் வீடியோ.

துப்பட்டா தொங்கக் கூடாது, எதிரிக்கு நல்ல பிடி. இடுப்பில் செருக. பின்னலைக் கொண்டையாக்க. முஷ்டி மடக்கினால் கட்டை விரல் வெளியே. குறி மூக்கு.

குத்தினேன். பொம்மையின் கை கழன்று விழுந்தது. கீழிருந்து சூப்பர்வைசர், "மேல இன்னாமா சத்தம்?"

சுமதி, "பொம்மைக்குப் பொடவை மாத்திக்கினு இருக்கோம் சார்!"

சிரித்துச் சிரித்து விக்கல்.

புதன்

தூறல். சண்டையில் முதல் ஆயுதம் குரலாம். "தள்ளிப் போ!" என்று அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். கத்தினேன்.

"இன்னாடி இது, அவனுக்குத் தாலாட்டா?" என்றாள் சுமதி.

வீட்டில் வாளிக்குள் தலையை விட்டுக் கத்திப் பழகினேன். அம்மா பயந்துவிட்டாள்.

வெள்ளி

தூக்கமே வரவில்லை. சந்தோஷத்தில்!

ஆட்டோவில் நெரிசல். சுமதிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். ஏறுகிற அவசரத்தில் துப்பட்டாவைச் செருக மறந்துவிட்டாள். அதன் ஓரத்தை அவன் இரண்டு விரலால் பிடித்தான். எனக்கு முஷ்டி, மூக்கு எல்லாம் மறந்துபோயிற்று. "தள்ளிப் போ" வரவே இல்லை. வாய் தானாகத் திறந்து, கல்யாண சீசன் கூட்டத்தில் கூப்பிடுகிற என் கடைக் குரல் வந்தது.

"சொல்லுங்க சார்! துணியத் தொட்டுப் பாக்குறீங்க, எந்த ரேஞ்சுல காட்டட்டும்?"

ஆட்டோ முழுக்கத் திரும்பியது. அவன், "தெரியாம பட்டுடுச்சுமா."

அப்போது சுமதி, என்னைவிடச் சத்தமாக: "தெனமும் வந்து தொட்டுப் பாக்குறாரு, ஒரு நாளும் எடுக்க மாட்டேன்றாரு!"

எதிரே பூக்கூடைக்கார அம்மா, "இன்னாயா, பொண்ணுங்க துப்பட்டா ஒனக்குக் கடைத்துணியா?" என்று எழுந்தே விட்டார். டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார். "எறங்குயா."

இறங்கினான். நட்டநடு வழியில். மழையில்!

சனி

கடைக்கு ஓடினேன். சுமதி கவுன்ட்டரில் இருந்தாள்!

"அண்ணன் இன்னா சொன்னாரு?"

"அவரு எங்க சொன்னாரு? நாந்தான் சொன்னேன், வேலைய விடமாட்டேன்னு. கடைக் குரல்ல."

புதுக் குறிப்பு: ஆபத்தில் வீடியோ வசனம் வராது. வாயில் பழகியதுதான் வரும். அதையே தீட்டி வைக்க.

மதியம் பில் போடும் பெண் தயங்கித் தயங்கி வந்தாள். "அக்கா, எங்க வாலாஜாபாத் பஸ்லயும் இதே மாதிரி ஒருத்தன் கீறான்."

சுமதி துப்பட்டாவை எடுத்து இடுப்பில் செருகினாள். "எந்த ரேஞ்சு ஆளு?"