தலைமாட்டில் இருந்த பிரிஜ்

இன்று காலை வாசலில் நிற்கும் நம் கேம்பர் வானின் கதவைத் திறந்ததும் முதலில் மூக்கைத்தான் உள்ளே அனுப்பினேன். கருகிய வயர் மணக்கிறதா, காஸ் மணக்கிறதா என்று வாசலிலேயே நின்று பார்த்தேன். இரண்டும் இல்லை. பூட்டிக் கிடந்த மெத்தையின் மணமும் உங்கள் முழங்கால் தைலத்தின் மணமும்தான் இருந்தன. தைல மணத்தில் ஒரு கணம் நீங்கள் கட்டிலில் புரண்டு படுக்கிறீர்கள் என்றே நினைத்துவிட்டேன். அடுத்த கணம் பிரிஜ்ஜின் நெற்றியைப் பார்த்தேன். பச்சை லைற் எரியவில்லை. உங்களில் எனக்கிருந்த சந்தேகம் அந்த இடத்திலேயே மறுபடி எழுந்து உட்கார்ந்துவிட்டது.

கோபிக்காதீர்கள். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகவில்லை, ஆட்டைத் திவசம்கூட இன்னும் வரவில்லை, அதற்குள் விசாரணையைத் தொடங்கிவிட்டாள் என்று நினைப்பீர்கள். "உம்மைப் பொலிசிலை சேர்த்திருக்க வேணும், இந்த நாட்டிலை கள்ளரே இருந்திருக்க மாட்டாங்கள்" என்பீர்கள். சேர்த்திருந்தால் முதலில் உங்களைத்தான் பிடித்திருப்பேன்.

விஷயம் இதுதான். நம் மகள் கௌரி இந்தச் சனி ஞாயிறுக்கு வானைக் கேட்கிறாள். குழந்தையையும் கொண்டு, போன கோடையில் நாம் போன அதே வேல்ஸ் கடற்கரைக்குப் போகப் போகிறாளாம். நீங்கள் நெஞ்சில் போட்டுத் தட்டி உறங்க வைத்த அந்தச் சின்னவள் இப்போது கண்டதையெல்லாம் பிடித்து எழும்பி நிற்கிறாள். நான் வான் திறப்பைத் தர மாட்டேன், சாவி என் கைப்பையிலேயே இருக்கட்டும் என்றேன்.

"அம்மா, ப்ளீஸ். பிரிஜ்ஜை அப்பா பிக்ஸ் பண்ணிட்டார்தானே?"

"அதுதானடி எனக்குப் பயம்."

உங்கள் பிக்ஸ் பண்ணல் எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பொருளாதாரத் தடைக் காலத்து யாழ்ப்பாணத்தில் பழகிய கை அது. மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினீர்கள், சைக்கிள் டைனமோவில் ரேடியோவைப் பேச வைத்தீர்கள். பியூஸ் போனால் புதுக் கம்பிக்கு எங்கே போவது? கையில் அகப்பட்ட தடித்த கம்பியைச் சுற்றிவிடுவீர்கள். தடுக்கிற சாமான் பழுதானால் அதைத் தாண்டி ஒரு கம்பி, அவ்வளவுதான் உங்கள் பொறியியல். அங்கே அதற்கு வேறு வழி இருக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கை விமானம் ஏறி லண்டனுக்கும் வந்தது. அப்டன் பார்க்கில் கடைக்கு மேல் நாம் இருந்த அறையில், ஹீற்றர் பிளக்கின் பியூஸைச் சொக்லேற் சுற்றி வந்த ஈயத் தாளால் சுற்றினீர்கள். ஒரு நாள் பிளக் உருகிக் கம்பளம் கருகியது. அந்தக் கருகலுக்கு மேல் ஒரு மிதியடியைப் போட்டுவிட்டு, நான் கண்டுபிடித்தபோது, "முந்தி இருந்த ஆக்கள் செய்தது" என்றீர்கள். அன்று தொடங்கிய சந்தேகம், ரெய்னர்ஸ் லேனில் சொந்த வீடு வாங்கிய பிறகும் என்னை விட்டுப் போகவில்லை. நீங்கள் திருத்திய எதையும் நான் மணந்து பார்க்காமல் பாவித்ததே இல்லை.

அப்படிப்பட்ட மனுஷன், ஓய்வு பெற்ற கையோடு கட்டிலும் குசினியும் உள்ளே வைத்த பழைய கேம்பர் வான் ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் விட்டார். அதற்குள் நெருப்பில் குளிர்கிற ஒரு பிரிஜ். வீட்டுப் பிரிஜ் போல இது இல்லை, பின்னால் சின்னக் காஸ் சுவாலை ஒன்று குழாயைச் சூடாக்கும், அந்தச் சூட்டில்தான் உள்ளே குளிரும் என்று பெருமையாக விளக்கினீர்கள். நான் பார்த்தது வேறொன்றை. பிரிஜ் நின்ற பலகைச் சுவருக்கு மற்றப் பக்கம் நம் கட்டிலின் தலைமாடு.

"அப்ப நெருப்பைத் தலைமாட்டிலை வைச்சுக்கொண்டோ படுக்கிறது?"

"அதுக்குத்தானப்பா ஒரு சுவிச் காவல் நிக்குது. குழாய் அளவுக்கு மிஞ்சிச் சூடாகினா அது எல்லாத்தையும் வெட்டிப்போடும்."

"அந்தக் காவல்காரன் பழுதானா?"

"ஐயோ கடவுளே, அவனையும் சந்தேகப்படுறீரோ?"

வேல்ஸில் போய்ச் சேர்ந்த மாலை நினைவிருக்கிறதா? ரசமட்டத்தைத் தரையில் வைத்துக் குமிழி நடுவுக்கு வரும்வரை வானை முன்னும் பின்னும் எடுத்தீர்கள். அந்தப் பிரிஜ் சமதரையில்தான் நிற்க வேண்டுமாம். நான் போனில் திசை பார்த்தேன். தலைமாடு நேரே வடக்கு. வடக்கே தலை வைத்து நான் படுக்க மாட்டேன் என்றேன். மாறிப் படுக்கவும் வழியில்லை, கட்டிலின் கால்பக்கம் மூலை வெட்டிக் குறுகியது. நீங்கள் பெருமூச்சு விட்டீர்கள். கடலைப் பார்த்தீர்கள். பிறகு ஏறி உட்கார்ந்து வானைத் திருப்பினீர்கள். தலை கிழக்குக்கு வந்தது, வான் ஒரு பக்கம் சரிந்தது. தேநீர்க் கோப்பை மேசையில் தானாக நகர்ந்தது.

"பிரிஜ்ஜுக்குச் சரிவு ஒத்துக்கொள்ளாது," என்று மெல்லச் சொன்னீர்கள்.

"எனக்கு வடக்கு ஒத்துக்கொள்ளாது."

"சரி. பிரிஜ்ஜோ நீரோ எண்டால், நீர்தான்."

நான் அதைப் பகிடி என்றே எடுத்தேன்.

இரண்டு இரவு போனது. அடுத்த காலை பால் திரைந்திருந்தது. பச்சை லைற் அணைந்திருந்தது. டோர்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பின்பக்கத் தட்டியைக் கழற்றினீர்கள். யன்னலால் பார்த்தேன், உங்கள் முதுகுதான் தெரிந்தது. பிரிஜ் இல்லாவிட்டால் நேரே வீட்டுக்குத்தான் என்று யன்னலாலேயே சொன்னேன். மீனுக்குத் தூளும் உப்பும் பிரட்டி வைத்திருந்தேன், அது பழுதாவதைப் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பது? நீங்கள் திரும்பிப் பார்க்காமல், "கொஞ்சம் பொறும்" என்றீர்கள். பிறகு நடக்கப் போனீர்கள். வந்து கையைக் கழுவிக்கொண்டே, "எல்லாம் சரியாப் போச்சு" என்றீர்கள்.

மத்தியானம் பால் குளிர்ந்திருந்தது. மீனும் குளிர்ந்திருந்தது. லைற் மட்டும் எரியவில்லை.

"கம்பி போட்டியளோ?"

"லைற்றுத்தான் பழுது. மீனைத் தொட்டுப் பாரும், குளிருதுதானே?"

"நான் கேட்டது அதையில்லை."

"எல்லாத்தையும் ஏன் கேக்கிறீர்?"

கேட்டதற்கு நேரே பதில் சொல்லாத மனுஷனை எப்படி நம்புவது? லைற் இல்லை, ஆனால் குளிர்கிறது. அப்படியென்றால் காவல் நின்ற சுவிச்சைத் தாண்டிக் கம்பி போயிருக்கிறது என்று முடிவு கட்டினேன். அன்றிலிருந்து இரவில் ஒரு கண்ணைத் திறந்துகொண்டுதான் படுத்தேன். பலகைச் சுவரில் கையை வைத்துச் சூடு பார்த்தேன். நீங்களோ பக்கத்தில் நிம்மதியாகக் குறட்டை விட்டீர்கள். தலைமாட்டில் கொள்ளியை வைத்துவிட்டு இப்படித் தூங்க ஒரு மனுஷனால் முடிகிறதே என்று வயிறு எரிந்தது.

அதோடு நிற்கவில்லை. தினமும் காலை நடக்கிறேன் என்று தனியே கிளம்பினீர்கள். நானும் வாறன் என்றால் முழங்காலைச் சாட்டினீர்கள், அதுவும் என் முழங்காலை. மழையே பெய்யாத காலையில் உங்கள் கோட்டின் உள்பக்கம் நனைந்திருந்தது. வியர்வை என்றீர்கள். வேல்ஸ் குளிரில் வியர்வை! சீனி வியாதிக்காரன் ஒளித்து ஏதோ தின்கிறான் என்று வாயை மணந்து பார்த்தேன். பல்பசைதான் மணத்தது. பிரிஜ்ஜின் கீழ் இழுப்பறையை நான் திறக்கப் போனபோது, "அதுக்கை என்ரை பியர் கிடக்கு" என்று தடுத்தீர்கள். பியர் என்றால் நான் கை வைக்க மாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சிரித்தீர்கள். ஒவ்வொரு பின்னேரமும் மடக்குக் கதிரையில் இருந்து கடலைப் பார்த்து, "இன்னும் ஒரு நாள் இருப்பமே" என்று கேட்டீர்கள். பிரிஜ் குளிர்ந்ததால் நானும் தலையாட்டினேன்.

மாரியில் உங்கள் நெஞ்சு நின்றுவிட்டது. வான் வாசலில் அப்படியே நின்றது.

அதனால்தான் இன்று திறப்பைத் தருவதற்கு முன் ஆளைக் கூப்பிட்டேன். கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்கிற ஊரில் இருந்து அன்ரன் என்று ஒருவர் வந்தார். மன்னார்க்காரர், வான் பிரிஜ்கள் திருத்துவதுதான் தொழில். அவரையும் நான் உடனே நம்பிவிடவில்லை. புதுச் சுவிச்சை உறையோடு காட்டச் சொன்னேன், கதிரையைப் பின்பக்கம் கொண்டுபோய்ப் போட்டு இருந்துகொண்டேன். கௌரி குழந்தையோடு வாசலில் நின்று கண்ணை உருட்டினாள்.

"எங்கட அவர் கம்பி போட்டிருப்பார் தம்பி, பாத்துக் கழட்டுங்கோ. குழந்தை படுக்கிற இடம்."

அன்ரன் காஸைப் பூட்டினார். தட்டியைக் கழற்றி டோர்ச் அடித்தார். மஞ்சள் தூள் ஏதும் படிந்திருக்கிறதா என்று குழாய்களின் ஓரமெல்லாம் தடவிப் பார்த்தார். அது இருந்தால் குழாய் ஓட்டையாம். இல்லை. பிறகு சுவிச்சுக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோய் நீண்ட நேரம் பார்த்தார்.

"அக்கா, இதிலை ஒருத்தரும் கம்பி போடேல்லை."

"நல்லாப் பாருங்கோ."

"பாத்திட்டன். வயர் இரண்டும் கொம்பனி பூட்டின மாதிரியே கிடக்கு. சுவிச் தன்ரை வேலையைச் செய்து வெட்டியிருக்குது, பிறகு செத்துப் போச்சு. அண்ணை பட்டனை மட்டும் அமுக்கிப் பாத்திருக்கிறார். தூசியிலை விரல் அடையாளம் கிடக்கு."

நான் எழுந்து போய்க் குனிந்தேன். ஒரு நாணயமளவுச் சுவிச். அதன் பிசுக்குத் தூசியில் ஒரு விரல். பெருவிரல். உங்களுடையது. அன்ரன் துணியை எடுத்தார். "துடையாதேங்கோ" என்று நான் போட்ட சத்தத்தில் குழந்தை அழத் தொடங்கிவிட்டது.

"ஆனா அது குளிர்ந்தது, தம்பி. நாங்கள் வெளிக்கிடுற வரைக்கும் குளிர்ந்தது."

"ஏலாது அக்கா. இது வெட்டினாப் பிறகு உள்ளுக்கு ஒண்டுமே எரியாது. வெறும் அலுமாரிதான். ஐஸ் கிஸ் வைச்சாரோ?"

நான் வானுக்குள் ஏறினேன். முழங்கால் நொந்தது. கீழ் இழுப்பறையைப் பிடித்து இழுத்து முழுதாய் வெளியே எடுத்தேன். அடியில், கடையில் ஐஸ்கட்டி அடைத்து விற்கிற, பென்குயின் படம் போட்ட வெறும் பைகள். கழுவி, காயவைத்து, கடைப் பைகளை நம் குசினியில் மடித்து வைப்பீர்களே, அதே மாதிரிச் சின்னச் சின்ன முக்கோணங்களாக மடித்து அடுக்கியிருந்தன. நல்ல பையை எறியக் கூடாது உங்களுக்கு. களவு செய்தாலும் தடயத்தை எறிய மனம் வராத கள்ளனை இந்த உலகம் கண்டிருக்காது.

கோட்டுக்குள் ஐஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலையும் கடையில் இருந்து வான் நின்ற மேட்டுக்கு ஏறி வந்திருக்கிறீர்கள், அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு. நான் உங்கள் வாயை மணந்தேன்.

நான் அழுதேன் என்பதை எழுதிவிடுகிறேன், நீங்கள் பிறகு கௌரியிடம் கேட்டு உறுதிப்படுத்தத் தேவையில்லை.

அன்ரன் வெளியில் இருந்து கேட்டார். "வானைச் சரிவா விட்டவையோ? இரவு முழுக்கச் சரிஞ்சு நிண்டால் உள்ளுக்கு ஓட்டம் நிண்டு குழாய் சூடேறும். கம்பி போட்டு ஓட்டியிருந்தா தலைமாட்டிலை நெருப்புத்தான். அண்ணை விசயம் தெரிஞ்ச ஆள்."

அண்ணைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வடக்கே தலை வைத்துப் படுக்க மாட்டேன் என்று நான் பிடித்த பிடிவாதத்தில்தான் சுவிச் செத்தது என்று தெரிந்தும் நீங்கள் ஒரு சொல் சொல்லவில்லை. வாழ்நாள் முழுக்கக் கம்பி போட்ட கை, என் தலை இருந்த இடத்தில் மட்டும் போடவில்லை. நீங்கள் குறட்டை விட்டதன் காரணமும் இப்போதுதான் விளங்கியது. சுவருக்குப் பின்னால் நெருப்பே இருக்கவில்லை.

அன்ரன் இரண்டு வயரையும் கழற்றிப் புதியதைப் பூட்டி, காஸைத் திறந்தார். சுவாலை நீலமாக நின்றது. பச்சை லைற் எரிந்தது. நான் அங்கேயே இருந்து உள்ளே குளிரும்வரை பார்த்தேன், அந்தப் பழக்கம் உங்களால்கூட மாறவில்லை. பிறகு கௌரியிடம் திறப்பையும் உங்கள் ரசமட்டத்தையும் கொடுத்தேன். குமிழி நடுவில் நிற்க வேணும் என்றேன். சக்கரத்துக்குக் கீழ் வைக்கிற சரிவுக் கட்டைகளும் வாங்கச் சொன்னேன். தலைமாடு எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்துக்கொள் என்றும் சொன்னேன். வடக்கு வடக்குத்தான், அதில் நான் இறங்கி வர மாட்டேன்.

அன்ரன் புறப்படும்போது, வழக்கம்போல, கழற்றிய பழைய சாமானைத் தந்துவிட்டுப் போகச் சொன்னேன். அதையே மறுபடி பூட்டிவிட்டுப் புதியது என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் எல்லாத் திருத்தக்காரரிடமும் நான் கேட்பதுதான், உங்களுக்குத் தெரியும். அவர் சிரித்துக்கொண்டே, ஓரத்தில் மட்டும் பிடித்து, ஒரு ரிஷுக் காகிதத்தில் சுற்றித் தந்தார்.

அது இப்போது என் கைப்பையில் இருக்கிறது. அந்த விரல் இன்னும் அதில் இருக்கிறதா, ரிஷுவில் ஒட்டிப் போய்விட்டதா, தெரியாது. எதையும் திறந்து பார்க்காமல் நம்பாதவள் நான். அதை மட்டும் திறக்கவில்லை. இருக்கிறது என்று நம்புகிறேன்.